களவாணி என்று யாரைச் சொன்னேன்

நெல் அம்பாரத்தின் உச்சியில் நான் போட்டிருந்த வட்டத்தைக் காணவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்துக் களம். காலை வேளை. கையில் பலகாரப் பையோடு, வெளுத்த வேட்டி சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். மயிலாடுதுறையில் தங்கை பேத்தியின் காதுகுத்துக்கு முந்தின நாள் போனவன், வீட்டுக்குக்கூடப் போகாமல் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே களத்துக்கு வந்திருந்தேன். மழை பெய்து விட்டிருந்தது. சிமெண்டுத் தரையில் அங்கங்கே தண்ணீர் நின்றது. ஈர வைக்கோல் வாடை மூக்கில் ஏறியது.

தார்ப்பாயை முழுசாக விலக்கிப் பார்த்தேன். உச்சியிலிருந்து அடிவரை போட்டிருந்த மூன்று கோடுகளும் இல்லை. அம்பாரமும் ஒரு முழம் குறைந்திருந்தது.

வலங்கைமான் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாணியைத் தண்ணீரில் கரைத்து, வைக்கோல் பிரியில் தொட்டு, நெல் குவியலின் மேல் கோடாகத் தெளித்துவிடுவோம். காய்ந்தால் பச்சைத் தடம் நிற்கும். யாராவது ஒரு கூடை அள்ளினால்கூட நெல் சரிந்து கோடு உடைந்துவிடும். திரும்ப அதே மாதிரி போட இன்னொருவரால் முடியாது. சாணிப்பால் குறி என்று பெயர். என் அப்பா மூன்று கோடும் உச்சியில் ஒரு வட்டமும் போடுவார். நானும் அதையே போடுகிறேன்.

இப்போது களத்தில் குறி போடுகிற ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்கள் தார்ப்பாய் போட்டு மூடி, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். "கண்டக்டரே, சிசிடிவி மாட்டியாச்சா?" என்று கேலி செய்வார்கள். நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை. முப்பது வருஷம் பஸ்ஸில் பேச்சு வாங்கிய காது இது.

என் அம்பாரத்துக்கு மேற்கே தங்கராசுவின் அம்பாரம். கிழக்கே கலியமூர்த்தியின் அம்பாரம். அன்று காலையில் இரண்டு பேரும் களத்தில் இருந்தார்கள். தங்கராசு டீ குடித்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, கையில் நோட்டோடு எடைமேடைப் பக்கம் நின்றிருந்தார்.

தங்கராசுவை நான் பார்த்தேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

"யோவ் கலியமூர்த்தி! என் அம்பாரத்துல கைய வச்சியா? ஒரு நா நான் ஊர்ல இல்லன்னதும் வேலையக் காட்டிட்டியா? களவாணிப் பயலே!"

நெல் தூற்றும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் அதையும் தாண்டிப் போனது. ஓடுகிற பஸ்ஸில் பின்படியிலிருந்து டிரைவருக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய குரல். யாரோ மிஷினை நிறுத்தினார்கள்.

கடிதங்கள் கேட்ட கேள்வி

கொஞ்சம் அங்கேயே நில்லுங்கள். திரும்பி வருகிறேன்.

டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றுகிறவர்களைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதும் நிறையப் பேர் ஒரே விஷயத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். "கேடி, ஃபிராடு, டுபாக்கூர், மொள்ளமாரி என்று சரளமாக எழுதுகிறீர்களே, இதெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார்கள். ஒரு அம்மா, "பேரப்பிள்ளைகள் படிக்கிற பத்திரிகை, கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்" என்று கண்டித்திருக்கிறார்கள். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வாரமும் பார்த்து எழுத முடியாது.

நான் படித்தவன் இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏறாத வார்த்தை கிடையாது. கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருந்தால், ஒரு நாளைக்குப் பத்துச் சண்டையாவது காதில் விழும். டிக்கெட் புத்தகத்தின் அட்டையில் புது வசவுகளைக் குறித்துவைக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அர்த்தம் தெரிந்த ஆள் யாராவது ஏறினால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன். அப்படிச் சேர்ந்த சரக்குதான் இது. தப்பிருந்தால் திருத்துங்கள்.

போலீஸ் புத்தகத்திலிருந்து வந்தவை

கேடி என்பது போலீஸ் ஸ்டேஷனில் பிறந்த வார்த்தை என்று ஒரு ஓய்வுபெற்ற ஏட்டு சொன்னார். பழைய குற்றவாளிகளின் பெயரை எழுதிவைக்க வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு புத்தகம் இருந்ததாம். அதன் இங்கிலீஷ் தலைப்பில் இருந்த இரண்டு முதலெழுத்துகள்தான் கே, டி. நம் ஆட்களுக்கு ஏற்கெனவே 'கேடு' என்ற வார்த்தை இருந்ததால் ரொம்ப வசதியாக ஒட்டிக்கொண்டது. ஒருமுறை அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால், எங்கே எது காணாமல் போனாலும் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள் என்றும் ஏட்டு சொன்னார்.

ஃபோர் ட்வென்டி எல்லாருக்கும் தெரியும். ஏமாற்றுக்கான சட்டப் பிரிவின் எண். இப்போது சட்டப் புத்தகத்தையே மாற்றி வேறு எண் கொடுத்துவிட்டார்கள். ஆனால் டீக்கடையில் இன்னும் பழைய எண்தான் ஓடுகிறது. புது எண்ணைச் சொல்லித் திட்டினால் எவனுக்குக் கோபம் வரப்போகிறது?

தாசில்தார், ஜப்தி, வசூல் எல்லாம் வந்த வழியிலேயே வந்து இறங்கியது பேமானி. பார்சியில் ஈமான் என்றால் நம்பிக்கை, விசுவாசம். அது இல்லாதவன் பேமானி. இதைச் சொன்னவர் நாகூர்ப் பக்கத்துப் பாய் ஒருவர். "ரொம்பக் கனமான வார்த்தைங்க. உங்க ஆளுங்க சில்லறைக்கெல்லாம் சொல்றாங்களே!" என்று வருத்தப்பட்டார். ஜேப்படியில் உள்ள ஜேப்பும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். சட்டைப் பை என்று அர்த்தம்.

நம் வீட்டில் பிறந்தவை

முடிச்சவிக்கி நம் ஊர்க்காரன். சேலை முந்தியிலும் வேட்டி மடியிலும் காசை முடிந்துகொண்டு போன காலத்தில், அந்த முடிச்சைத் தெரியாமல் அவிழ்க்கிற விரல்காரன். இப்போது முந்தியில் யாரும் முடிவதில்லை. எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டது. ஆனாலும் ஓடிபி கேட்டு ஏமாற்றுகிறவனை எங்கள் ஊரில் முடிச்சவிக்கி என்றுதான் சொல்கிறார்கள்.

பித்தலாட்டத்துக்குப் பித்தளைதான் காரணம் என்று ஒரு நகைப் பத்தர் அடித்துச் சொன்னார். பித்தளையைத் தங்கம் என்று விற்பது. அவர் தொழிலை வைத்து அவர் சொன்ன விளக்கம், சரியோ தவறோ தெரியாது. மொள்ளமாரிக்கு இரண்டு கதை கேட்டிருக்கிறேன், இரண்டையும் நம்பவில்லை. டுபாக்கூர் எங்கிருந்து வந்தது என்று கல்லூரிப் பையன்களைக் கேட்டால் ஆளுக்கொரு கதை விடுவார்கள். சொல்கிறவனே டுபாக்கூர் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரையே வசவாக்கிய கொடுமையும் உண்டு. சென்னைக்காரர்கள் சிலர் ஏமாற்று வேலையைக் 'கும்பகோணம் வேலை' என்பார்கள். அப்படி ஒரு புண்ணியவான், கும்பகோணம் போகிற பஸ்ஸிலேயே, போனில் யாரிடமோ, "அவன் எனக்குக் கும்பகோணம் வேலை காட்டிட்டான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் கும்பகோணம். அவரைப் பத்திரமாக இறக்கிவிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இதில் ஏறுவரிசை இறங்குவரிசை உண்டு. கில்லாடி என்றால் பாதி பாராட்டு. 'ரீல் விடுகிறான்' என்றால் சிரித்துக்கொண்டே போய்விடலாம். 'ஃபிராடு' என்று சிநேகிதனைக்கூடச் சொல்லலாம். அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகள் வெல்லத்தை எடுத்துத் தின்றால், அந்த அம்மாவே "களவாணிப் பய" என்றுதான் கொஞ்சுவார்கள்.

ஆனால் நெல் கிடக்கிற களத்தில், நெல்லைக் காட்டி, ஒரு ஆளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் அதில் கொஞ்சல் எதுவும் கிடையாது.

அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு தடவை சில்லறை இல்லாமல் ஒரு ரூபாய் பாக்கி வைத்ததற்கு, கூட்டத்தின் நடுவே ஒருவர் என்னை, "கண்டக்டரு எல்லாருமே களவாணிதான்" என்றார். அவர் முகம், கட்டம் போட்ட சட்டை, மீசையில் ஒட்டியிருந்த வெற்றிலைச் சாறு எல்லாம் இன்றைக்கும் அப்படியே நினைவில் இருக்கிறது. அன்று இரண்டு வேளை எனக்குச் சோறு இறங்கவில்லை.

உதறிய துண்டு

சரி, களத்துக்கு வருவோம்.

கலியமூர்த்தி கீழத்தெருக்காரர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் எங்கள் தெரு நிலங்களில் கூலிக்கு அறுத்தவர்கள். எங்கள் வயலிலும்தான். கலியமூர்த்தி திருப்பூரில் பத்து வருஷம் பனியன் கம்பெனியில் உழைத்து, திரும்பி வந்து நாலு மா நிலம் வாங்கினார் (எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர்). கூடவே ஆறு மா குத்தகைக்கும் எடுத்துப் பயிர் வைக்கிறார். அவருடைய பெண் நாகப்பட்டினத்தில் நர்ஸ். எனக்கு நாலைந்து வயது இளையவர். அவர் என்னை "சார், வாங்க" என்பார். நான் அவரை "கலியமூர்த்தி, வா" என்பேன். அது வரை அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

அவர் கையில் இருந்த நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆன்லைனில் பதிவு, சீட்டு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் எந்த அம்பாரத்துக்குப் பிறகு எந்த அம்பாரம் எடைக்குப் போவது என்று விவசாயிகள் நாங்களே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வோம். சாக்கு வராமலும் மழை வந்தும் நாள் கணக்கில் காத்துக் கிடக்கிற இடம். வரிசையில் ஒரு ஆள் முன்னே நுழைந்தால் பின்னால் இருக்கிறவன் நெல் முளைவிட்டுவிடும். அதனால் அந்த நோட்டை எல்லாருக்கும் நம்பிக்கையான ஆளிடம்தான் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து அது எப்போதும் எங்கள் தெரு ஆட்களிடம்தான் இருந்தது. அந்தக் குறுவைக்குத்தான், எங்கள் தெருத் தங்கராசுவே எழுந்து சொல்லி, கலியமூர்த்தியிடம் கொடுத்தார்கள். கீழத்தெருவிலிருந்து ஒருவர் அதை வைத்துக்கொள்வது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூட நோட்டு மாதிரி அதற்கு அட்டை போட்டுவைத்திருந்தார்.

நான் கத்தியதும் அவர் திரும்பிப் பார்த்தார். நோட்டை எடைமேடை மேல் வைத்தார். காதில் இருந்த பேனாவை எடுத்து அதன் மேல் வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, என் முகத்துக்கு நேரே இரண்டு தடவை உதறினார். மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்து, உதறி, திரும்பக் கட்டினார்.

என் வயதுக்காரர்களுக்கு அது என்னவென்று புரியும். என் அப்பா காலத்தில் வேலை முடிந்து களத்தை விட்டுப் போகிற ஆட்கள் அப்படி உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நெல் ஒன்றிரண்டு உதிர்ந்தால் அப்பா சொல்கிற வார்த்தை நான் சொன்ன அதே வார்த்தைதான். உதறி நின்றவர்களில் கலியமூர்த்தியின் அப்பாவும் ஒருவர்.

"வாங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

சாக்குக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். உயரமான தரையில் ஒரு நீலத் தார்ப்பாய் விரித்து நெல் பரப்பியிருந்தது. பக்கத்தில் நெல் பரப்புகிற பலகை கிடந்தது.

"உங்க நெல்லு. நேத்து மதியம் அடிச்ச மழையில உங்க அம்பாரத்துக்கு அடில தண்ணி பூந்துடுச்சு. கைய வுட்டுப் பாத்தேன், சுட்டுச்சு. அப்புடியே வுட்டா காலைல மொளைச்சிருக்கும். ஈரமா இருந்தத மட்டும் அள்ளி இங்க பரப்பினேன். மீதியப் பொரட்டிக் குமிச்சேன். கோடு போயிடும்னு தெரியும். அதான் உங்களுக்குப் போன் பண்ணேன். எடுக்கல."

செல்போனை எடுத்துப் பார்த்தேன். தெரியாத நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள். காதுகுத்து மண்டபத்தில் அது அடித்தபோது, பக்கத்தில் இருந்த மச்சானிடம், "இப்பல்லாம் தெரியாத நம்பர்னா ஃபிராடுப் பயதான். நான் எடுக்கறதே இல்ல" என்று பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

அந்த நீலத் தார்ப்பாய் கலியமூர்த்தியுடையது. திரும்பி அவருடைய அம்பாரத்தைப் பார்த்தேன். பழைய உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து மூடியிருந்தார். ஓரமெல்லாம் நனைந்திருந்தது.

பாதிக் கதை

நான் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. என்ன சொன்னேன் தெரியுமா? "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல" என்றேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. மூன்று தடவை போன் செய்தவரைப் பார்த்து அப்படிச் சொன்னேன்.

"செரிங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் தன் அம்பாரத்துக்குப் போய்விட்டார். எடைமேடை மேல் இருந்த நோட்டை அவர் தொடவில்லை.

நான் கத்தியதைக் கேட்டவர்கள் நூறு பேர் இருப்பார்கள். கொட்டகைக்குப் பின்னால் வந்து பார்த்தவர்கள் இரண்டு பேர். லாரிக்காரர்கள் முதல் பாதியோடு கிளம்பிவிட்டார்கள். டீக்கடைக்கு முதல் பாதிதான் போனது. சாயங்காலத்துக்குள் அது பக்கத்து ஊர்க் களத்துக்கும் போய்விட்டது. மறுநாள் நோட்டு தங்கராசுவிடம் இருந்தது.

"நான் கேக்கலப்பா. அவரு வேணாம்னுட்டாரு. ரெண்டு பேரு, 'எதுக்கு வம்பு, நம்ம தெருவுலயே இருக்கட்டும்'னு குடுத்துட்டாங்க" என்றார் தங்கராசு. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"சாயங்காலம் அவரு வீட்டுப் பக்கம் போயி ரெண்டு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன்.

"திட்டுனது எங்க?"

"களத்துல."

"எத்தன பேரு இருந்தாங்க?"

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

"நூறு பேரு முன்னாடி தொண்ட கிழியக் கத்திட்டு, வீட்டுல போயி காதுல சொல்லுவீங்களா? அந்தப் புள்ள நர்ஸு வேல பாக்குது. நாளைக்கி அதுக்கு மாப்ள பாக்க வர்றவன் ஊருல விசாரிப்பான். அப்ப டீக்கடக்காரன் எந்தப் பாதியச் சொல்லுவான்?"

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். ஒரு நாள் இல்லை, நாலு நாள் எதையாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். எங்கள் தெரு ஆட்கள் முன்னால், கீழத்தெரு ஆளிடம் நான் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிற பயம். கேடிப் புத்தகத்தைப் பற்றி ஏட்டு சொன்னது அந்த நாலு நாளும் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எதையாவது காணோம் என்றதும் நான் எந்தக் கதவைத் தட்டினேன்? எனக்கு மேற்கேயும் ஒரு அம்பாரம் இருந்ததே, அந்தப் பக்கம் ஏன் என் வாய் திரும்பவில்லை? கலியமூர்த்தி பிறப்பதற்கு முன்பே அந்தப் பெயரை எங்கள் களத்தில் எழுதிவைத்திருந்தோம். நான் அதை எடுத்துப் படித்தேன்.

விசில்

ஐந்தாம் நாள் என் நெல்லுக்கு முறை வந்தது. ஈரம் பார்க்கிற கருவியில் வைத்தார்கள், தேறிவிட்டது. கலியமூர்த்தி பரப்பி உலர்த்திய நெல்லும் தேறியது. அதே மழையில் நனைந்த இன்னும் இரண்டு பேர் நெல்லைத் திரும்பக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

பழைய விசில் ஒன்று வீட்டில் இருக்கிறது. வேலையை விட்டு வந்த பிறகு அதை நான் தொட்டதில்லை. அன்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். எடைமேடை மேல் ஏறி நீளமாக ஒரு ஊது ஊதினேன். மிஷின் நின்றது. லாரியிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கி இதே எடத்துல நின்னு கலியமூர்த்தியக் களவாணின்னு சொன்னேன். அது பொய். அவரு என் நெல்லு முளைச்சுடக் கூடாதுன்னு தன் தார்ப்பாய எடுத்து எனக்கு விரிச்சாரு. தன் நெல்ல நனைய விட்டாரு. நான் விசாரிக்காமப் பேசிட்டேன். அவரக் கேட்ட மாதிரி தங்கராசுவ நான் கேட்டிருக்க மாட்டேன். அதுவும் என் தப்புதான். கலியமூர்த்தி, என்னை மன்னிச்சிடுங்க."

கடைசி வார்த்தையில் குரல் போய்விட்டது. பின்படி வரை கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. வேண்டுமென்று வரவழைத்ததில்லை என்றாலும், முதல் தடவையாக அவரிடம் 'ங்க' போட்டுப் பேசியிருக்கிறேன் என்பது கீழே இறங்கிய பிறகுதான் உறைத்தது.

எங்கள் தெரு ஆட்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர், "எதுக்கு இதெல்லாம் மைக் போட்டுச் சொல்லிக்கிட்டு" என்று முணுமுணுத்தார். தங்கராசு மட்டும் எழுந்துபோய் நோட்டைக் கலியமூர்த்தியிடம் நீட்டினார். கலியமூர்த்தி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கிக்கொண்டார். பேனாவைக் காதில் செருகினார்.

"அடுத்தது யாருங்க?" என்று கேட்டார். மிஷின் ஓட ஆரம்பித்தது.

என் பாரம் இறங்கியது. அன்று இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டேன். என் மனைவி இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள். கலியமூர்த்தியின் நம்பரையும் பெயர் போட்டுச் செல்போனில் பதிந்துகொண்டேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

சம்பாவில் ஒரு போன்

சம்பா அறுவடையின்போது மறுபடியும் பக்கத்துப் பக்கத்தில் அம்பாரம் விழுந்தது. இந்தத் தடவை நான் குறி போடவில்லை. கலியமூர்த்தி அதைக் கவனித்தார். நோட்டு அவரிடமே இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தால் குடித்தார். "பாப்பாவுக்கு எங்க போஸ்டிங்?" என்று கேட்டால் சொன்னார். எல்லாம் பழையபடி இருந்தது.

மாசி மாதத்தில் யாரும் மழையை எதிர்பார்ப்பதில்லை. அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வெளிச்சம் சட்டென்று மங்கி, ஓட்டின் மேல் பெரிய பெரிய துளிகளாக விழ ஆரம்பித்தது. செல்போன் அடித்தது. கலியமூர்த்தி என்று பெயர் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"சார், மழ புடிச்சிக்கிச்சு. காத்துல உங்க தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. நெல்லு நனையுது."

"அய்யய்யோ! இழுத்துப் போடுங்க கலியமூர்த்தி! நான் இதோ வர்றேன்."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அம்பாரத்துக்கு மிகவும் பக்கத்தில் நிற்கிறார் என்று புரிந்தது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்வது போனில் கேட்டது. கையை நீட்டினால் பிடித்துவிடலாம்.

"கலியமூர்த்தி?"

"இருக்கேன் சார். நீங்க வாங்க. வந்து போட்டுக்குங்க. நான் பக்கத்துலயே நின்னு யாரும் கை வைக்காமப் பாத்துக்கிறேன்."

கையைக்கூடக் கழுவாமல் சைக்கிளை எடுத்தேன். களம் ஒரு மைல். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, என் அம்பாரத்திலிருந்து ஒரு எட்டுத் தள்ளி மழையில் நின்றுகொண்டிருந்தார்.